துண்டுத் துணிகளில் பரிசுப் பொருள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரலட்சுமி நோன்பு, நவராத்திரி, வளைகாப்பு என்று தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. தையற்கடையிலிருந்து வாங்கி வந்த வெட்டுத்துணிகளும் இருக்கின்றன. நேராகத் தைக்கத் தெரியும். இவற்றில் பரிசுப் பொருள்கள் செய்ய ஆசை, எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, மன்னார்குடி

பதில்: பெட்டியைத் திறந்ததும் சிவப்பைச் சிவப்போடும் பச்சையைப் பச்சையோடும் சேர்க்கவே கை போகும். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் துணி எந்த வகை என்று பாருங்கள். எந்தத் துணி எந்தப் பொருளுக்கு உதவும் என்பதைத் தீர்மானிப்பது அதன் இயல்புதான். தாம்பூலத்தில் வரும் ரவிக்கைத் துணிகளில் முழுப்பருத்தியும் இருக்கும், பாலியெஸ்டர் கலந்ததும் இருக்கும், பளபளக்கும் செயற்கைப் பட்டும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இவை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

சந்தேகமான துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியானால் கொஞ்சம் எரியும், கொஞ்சம் உருகும். இந்தச் சோதனையைச் செய்து மூன்று பைகளில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பருத்தித் துணிகளைத் தைக்கும் முன் நனைத்து உலர்த்துவது கட்டாயம். புதுப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். நனைத்ததையும் நனைக்காததையும் சேர்த்துத் தைத்தால், பரிசு பெற்றவர் அதை முதன்முறை துவைக்கும் நாளில் தையல் எல்லாம் இழுத்துக்கொள்ளும். சுங்குடி, கைத்தறி போன்ற ஆழ்ந்த சாயத் துணிகளைத் தனித்தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், ஏறாமல் நிற்கும்வரை அலச வேண்டும். அப்போதும் நிற்காத துணியை வெளிர் நிறங்களோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: கொலுவுக்கு வருபவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாகத் துணியில் சுருக்குப் பை தைத்துக் கொடுக்க எண்ணுகிறேன். உள்துணியோடு, நூல் பிரியாமல் தைக்கும் முறையை அளவுகளுடன் விளக்குவீர்களா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு கொடுக்கப் பொருத்தமான பரிசு இது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பை வெற்றிலைபாக்குக்கும் சில்லறைக்கும் இடம் கொடுத்தது. கொடுத்த பின்னும் வீட்டில் ஏதாவது ஒன்றுக்கு உதவிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால் எனக்கு எப்போதும் இதில் தனி விருப்பம் உண்டு.

6 அங்குல அகலம், 8 அங்குல உயரத்தில் வெளித்துணி இரண்டும் உள்துணி இரண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விடுகிறோம். வெளித்துணி ஒன்றையும் உள்துணி ஒன்றையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேலே உள்ள 6 அங்குல ஓரத்தை மட்டும் தையுங்கள். மற்ற இரண்டையும் அப்படியே தையுங்கள். விரித்தால் 15 அங்குல நீளமுள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும். நடுத்தையலை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டுவிடுங்கள்.

இனி இந்த இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி, வெளித்துணியின் மேல் வெளித்துணியும் உள்துணியின் மேல் உள்துணியும் வர, நடுத்தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி வைத்து, குண்டூசி குத்துங்கள். சுற்றிலும் தைக்கும்போது இரண்டு இடங்களில் திறப்பு விட வேண்டும். ஒன்று, வெளித்துணிப் பகுதியின் இரு பக்க ஓரங்களிலும் நடுத்தையலிலிருந்து 1 அங்குலம் தள்ளித் தொடங்கி அரை அங்குல நீளம். கயிறு இதன் வழியேதான் நுழையும். மற்றொன்று, உள்துணியின் அடி ஓரத்தில் 3 அங்குலம்; பையைப் புரட்டுவதற்கு இது. திறப்பின் இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தையல் போட்டு இறுக்குங்கள். புரட்டும்போதும் கயிறு இழுக்கும்போதும் முதலில் பிரியும் இடம் அதுதான். மூலைகளில் மிச்சத் துணியைக் குறுக்காக வெட்டிவிட்டு, அடித் திறப்பின் வழியாகப் புரட்டி, அந்தத் திறப்பைக் கையால் தைத்து மூடி, உள்துணியை உள்ளே தள்ளுங்கள்.

வாய் ஓரத்தை நன்றாக இஸ்திரி போட்டபின், வாயிலிருந்து 1 அங்குலத்தில் ஒரு சுற்றும் ஒன்றரை அங்குலத்தில் ஒரு சுற்றும், வெளித்துணி உள்துணி இரண்டையும் சேர்த்துத் தைத்தால் கயிறு ஓடும் பாதை தயார். 18 அங்குலக் கயிறு இரண்டை எடுத்து, ஊக்கின் துணையோடு ஒன்றை வலத் திறப்பில் நுழைத்து முழுதும் சுற்றி அங்கேயே வெளியே எடுங்கள். மற்றதை இடத் திறப்பில் அதேபோல் செலுத்துங்கள். முனைகளை முடிச்சிட்டால், இரு பக்கமும் இழுக்க வாய் இறுகி மூடும். முடிந்த பை 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் இருக்கும். நிறையப் பைகள் தைக்க வேண்டியிருந்தால் ஒவ்வொன்றாக முடிக்காமல், எல்லாவற்றுக்கும் முதலில் வாய் ஓரம், பிறகு சுற்றுத் தையல் என்று படிப்படியாகச் செய்யுங்கள். நேரம் வெகுவாக மிச்சமாகும்.

கேள்வி: துண்டுகளை ஒட்டுப் போட்டு மேசை விரிப்பு தைத்தேன். சதுரமாக வராமல் ஓரங்கள் அலைபோல் எழும்பி நிற்கின்றன. காரணம் என்ன? – வாசகி, ஈரோடு

பதில்: ரவிக்கை வெட்டிய மிச்சத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கைக்குழியும் கழுத்தும் வெட்டியபின் எஞ்சும் துண்டுகளின் ஓரங்கள் பெரும்பாலும் குறுக்கு வாட்டில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, இருக்கும். நீளவாட்டு இழையான பாவு, அகலவாட்டு இழையான ஊடை இரண்டின் திசையிலும் துணி அதிகம் இழுபடாது. சாய்வாக இழுத்தால் நெகிழும். நெகிழ்ந்தபடியே தைத்த ஓரம் அலை விடும். இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தேய்ப்பதும் துணியை இழுத்துவிடும். ஒட்டுவேலையில் பெட்டியை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

பழைய வேட்டியை 9 அங்குலச் சதுரங்களாக வெட்டி அடித்துணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை நடுவில் நல்ல பக்கம் மேலே தெரிய வைத்து, அடுத்ததை அதன்மேல் நல்ல பக்கம் கீழாகக் கவிழ்த்து, ஒரு ஓரத்தை அடித்துணியோடு சேர்த்துத் தைத்து, திருப்பி அழுத்துங்கள். இப்படியே சதுரம் நிறையும்வரை சேர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் எட்டரை அங்குலமாக வெட்டுங்கள். வேட்டித்துணி நேர்வாட்டில் பிடித்துக்கொள்வதால் மேலே எந்த வாட்டுத் துண்டு இருந்தாலும் பாதகமில்லை. சதுரங்களை இணைக்கும்போது தையலுக்கு விடும் கால் அங்குலம் எங்கும் மாறக் கூடாது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தாலும், அது இரு பக்கத் துணியிலும் குறைவதால், எட்டு இணைப்புகளில் முழுதாக ஓர் அங்குலம் காணாமற்போகும்.

கேள்வி: மறைந்த அம்மாவின் காஞ்சிபுரம் பட்டுப் புடவை மடிப்புகளில் கிழிந்துவிட்டது. சகோதரிகள் நால்வருக்கும் அதிலிருந்து ஆளுக்கொன்று செய்து கொடுக்க விரும்புகிறேன். வெட்டவே கை வரவில்லை. – வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, வெட்டலாம். மடிப்பிலேயே கிழியத் தொடங்கிய பட்டைப் பீரோவில் வைத்திருந்தால் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் விட்டுப்போகும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்து கிடந்த பட்டிழை வலுவிழந்துவிடுகிறது. சரிகையின் உலோகமும் பக்கத்து இழைகளை அறுக்கிறது. நல்ல நிலையில் உள்ள பகுதிகளைக் காப்பாற்றும் வழி இதுதான்.

ஒரு பகல் வெளிச்சத்தில் புடவையை முழுதாக விரித்து, சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரியும் இடங்களைச் சுற்றி வெள்ளை நூலால் அடையாளம் இடுங்கள். அவற்றைத் தவிர்த்தே வெட்ட வேண்டும். முந்தானையை நால்வருக்கும் சமமாகப் பிரிக்க முடியும் என்றால் பிரியுங்கள்; முந்தானையில்தான் அம்மாவின் புடவை என்று அடையாளம் தெரியும். முடியாவிட்டால் அதை ஒரே துண்டாகச் சட்டமிட்டு வீட்டில் மாட்டிவிட்டு, கரையும் புட்டாவும் சேர்ந்து வரும்படி உடற்பகுதியிலிருந்து நான்கு துண்டுகள் எடுங்கள்.

மெத்தைத் திண்டுக்கு உறையாகத் தைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாய்ந்து உராயும் பொருளில் பழைய பட்டு நீண்ட நாள் தாங்காது. நகை வைக்கும் சுருள் பை, சுவடிபோல் மடிக்கும் புகைப்பட உறை, பூஜை அறையில் படத்துக்குப் பின்னால் தொங்கும் சிறு திரை ஆகியவை கைபடுவது குறைவான பொருள்கள். வெட்டும் முன் பட்டின் அடியில் மெல்லிய மல் துணியை வைத்து, கையால் நீள நீளமாகத் தையல் போட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். கடைகளில் கிடைக்கும், இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் வேலையை எளிதாக்கும். ஆனால் ஒட்டியபின் பிரிக்க முடியாது என்பதால் நினைவுப் பொருளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இயந்திரத்தில் 9 அல்லது 11 எண் புது ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி பட்டிழையை இழுத்துக் கோடு விழச் செய்யும். இஸ்திரி மிதமான சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து. மிஞ்சும் சரிகையைக் குப்பையில் போடாதீர்கள். அது அசல் வெள்ளிச் சரிகையானால் எடை போட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தையல் இயந்திரம் இல்லாமல் இவற்றைச் செய்ய முடியுமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாக முடியும். வங்காளத்துக் காந்தா வேலை பழைய சேலைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப் போடும் வெறும் ஓடுதையலால் உருவானது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், பழைய துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி அடுக்கிக்கொண்டே கையால் தைத்துக் கவந்தி என்னும் போர்வை செய்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைத்தால்தான் அவர்கள் கணக்கில் போர்வை முழுமை பெறுகிறது. நீங்கள் சிறு தட்டு விரிப்பில் தொடங்கலாம். ஓடுதையல் அங்குலத்துக்கு ஏழெட்டு வந்தால் போதிய உறுதி இருக்கும். பாரம் தாங்கும் இடங்களில் மட்டும், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பின்தையல் போடுங்கள்.

கேள்வி: சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அழகான செயற்கைப் பட்டில் தைக்கலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கூடாது. பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே பருத்தி, உள்ளே பழைய டர்க்கித் துண்டு இரண்டு மூன்று மடிப்பு, 8 அங்குலச் சதுரம், பருத்தி நூல். ஓரத்தில் நைலான் லேசும் வேண்டாம். ஈரத் துணி சூட்டை விரைவாகக் கடத்தும் என்பதால், உலர்ந்த நிலையில் பயன்படுத்தும்படி பரிசு பெறுபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புதுமனை புகும் நண்பருக்கு வாசல் தோரணம் தைத்துக் கொடுக்க வேண்டும். துணி துவளாமல் நிற்பது எப்படி? – வாசகி, மதுரை

பதில்: கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் தேருக்கும் கோயில் மண்டபத்துக்கும் தைக்கும் தொம்பைகளை, அதாவது உருளை வடிவத் துணித் தொங்கல்களை, ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணிகளில் தாமரையும் யாளியும் கிளியுமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த அழுத்தமான நிறங்கள். தோரணத்துக்கும் அதே கணக்குதான். பொடிப்பூப் போட்ட துணிகளை விட்டுவிட்டு, தனி நிறத் துணிகளை எடுங்கள்.

மூன்றடி வாசலுக்கு 3 அங்குல அகலம், 7 அங்குல நீளத்தில் 11 மாவிலைகள் சரியாக வரும். இடையிலும் இரு முனைகளிலும் கால் அங்குல இடைவெளி கிடைக்கும். இலைக்கு இரண்டு துணி வெட்டி, ஒன்றின் உள் பக்கம் கெட்டியான கேன்வாஸ் ஒட்டி, மேல் ஓரம் தவிரச் சுற்றித் தையுங்கள். கேன்வாஸைத் தையல் கோட்டுக்குள் அடங்கும்படி சிறிதாக வெட்டினால் ஓரம் தடிக்காது. நுனியில் தையலை ஒரே புள்ளியில் திருப்பாமல், குறுக்கே ஒரு தையல் போட்டுத் திரும்புங்கள். புரட்டியபின் நுனி கூர்மையாக நிற்கும். நடுநரம்பைப் பச்சையில் சற்று ஆழ்ந்த நூலால் ஓடுதையலாகப் போட்டால் இலை உயிர் பெறும். இலைகளின் மேல் ஓரங்களை ஒரு நீளத் துணிப் பட்டியில் வரிசையாகச் சேர்த்துத் தையுங்கள். பட்டியின் பின்புறம் குச்சி நுழையும் அளவு ஒரு குழல் தைத்துவிட்டால் தோரணம் நடுவில் தொய்யாது.

கேள்வி: அக்காவின் கைக்குழந்தைக்குத் துணிப் பொம்மை தைக்கிறேன். கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாமா? – வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். பொத்தான், மணி, சமிக்கி எதுவாயினும் குழந்தை கடித்துப் பிய்த்தால் தொண்டையில் அடைக்கும். கண்ணையும் வாயையும் நூலால் எம்பிராய்டரி செய்யுங்கள். தையலை இரட்டையாகப் போட்டு, பஞ்சு வெளிவராதபடி பாருங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் பொம்மை, தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எல்லாம் தைத்தபின் விரலளவுத் துண்டுகள் மிஞ்சுகின்றன. அவற்றை என்ன செய்வது? – வாசகி, புதுச்சேரி

பதில்: எவர்சில்வர் டம்ளரின் வாயை வைத்து வட்டம் வரையும் அளவு துணி இருந்தால் பூ செய்துவிடலாம். ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துக்கொண்டே ஓடுதையல் போட்டு, நூலை இழுத்து முடிச்சிட்டால் வட்டத்தில் பாதி அளவுக்குச் சற்றுக் குறைவான பூ கிடைக்கும். தையல் நீளமாக இருந்தால் நடுத்துளை சிறியதாக மூடும். பொடித்தையல் போட்டால் துளை பெரிதாகவே நின்றுவிடும். சுருக்குப் பைக் கயிற்றின் முனைக்கும் தோரணப் பட்டிக்கும் இந்தப் பூக்கள் அழகு சேர்க்கும்.

அதற்கும் சிறியவற்றைக் கத்தரியால் பொடியாக வெட்டி ஊசி குத்தும் மெத்தைக்குள் அடையுங்கள். அரிசியோ தவிடோ அடைத்தால் பூச்சி வரும். பருத்தித் துண்டு 4 அங்குலச் சதுரத்துக்குத் தேறினால், இரண்டைச் சேர்த்துப் பையாக்கி, நன்றாக உலர்ந்த வெட்டிவேரை நறுக்கி நிரப்பி மூடுங்கள். புடவை அலமாரியில் வைக்க நல்ல மணமுள்ள பரிசு. மணம் குறைந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் முழுதும் காயவைத்து மறுபடி உள்ளே வைக்கலாம். ஈரத்தோடு பட்டுக்கு அருகில் மட்டும் வைத்துவிடக் கூடாது.