‘ஈவிரக்கமற்ற’ என்றால் என்ன, எங்கே எழுதுவது?

ஈவு என்றால் கொடை. ‘ஈ’ என்ற வினையிலிருந்து வந்தது. ஈவு + இரக்கம், உகரம் கெட்டு ஈவிரக்கம். கொடுக்கும் கையும் இல்லை, உருகும் மனமும் இல்லை என்ற இரட்டை அழுத்தம் இதில் உண்டு. அதனால் வெறும் கண்டிப்புக்கு இது பொருந்தாது. தாமதமாக வந்த மாணவனை வெளியே நிறுத்தும் ஆசிரியர் கண்டிப்பானவர். காய்ச்சலில் நடுங்குபவனையும் வெயிலில் நிறுத்தினால்தான் ஈவிரக்கமற்றவர்.

பெயருக்கு முன் ‘ஈவிரக்கமற்ற கொலை’, வினைக்கு முன் ‘ஈவிரக்கமின்றி அடித்தான்’. பேச்சில் ‘ஈவு இரக்கமே இல்லாம’. ‘ஈவிறக்கம்’ என்று வல்லின றகரம் போடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. இறக்கம் என்றால் சரிவு.

பழைய சொல் வேண்டுமென்றால் ‘வன்கண்’. ஆனால் கவனம்: குறள் 228-இல் ‘வன்கணவர்’ ஈயாத கல்நெஞ்சர், 632-இல் வன்கண் அமைச்சருக்கு வேண்டிய மனவுறுதி.