போர்த்துகீசியத்தில் அன்றாட வழக்கத்தைச் சொல்லும்போது மெ (என்னை), தெ (உன்னை), ஸெ (தன்னை) எங்கே வரும்? எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

கேட்டவர் லிஸ்பனில் ஏ2 என்னும் தொடக்கநிலை மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். காலையில் எழுவது முதல் இரவில் படுப்பது வரை சொல்லச் சொன்னால், சில வினைகளோடு 'மெ' ஒட்டுகிறது, சிலவற்றோடு ஒட்டவில்லை. ஒட்டும் இடத்திலும் சில நேரம் முன்னால் வருகிறது, சில நேரம் பின்னால் போகிறது. இதற்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

இருக்கிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நான் லிஸ்பனுக்கு எதிரே, தேஜு ஆற்றுக்கு இந்தப் பக்கம் அல்மாதாவில் இருக்கிறேன். மகளை வளர்த்துக்கொண்டே இந்த மொழியைக் கற்றவள். எனக்குக் கைகொடுத்தது இந்த வழிதான்.

ஒரு சின்னக் குறிப்பு. இங்கே காதில் விழுகிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். வரும் 'த' எல்லாம் நம் 'த' போலத்தான். 'மெ', 'தெ', 'ஸெ' என்பவற்றின் கடைசி உயிர் மிக லேசாக ஒலிக்கும். வேகமாகப் பேசினால் 'ம்', 'த்', 'ஸ்' என்றே நின்றுவிடும். கேட்டுப் புரிந்துகொள்ளத் திணறுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

தமிழில் எழு, எழுப்பு என்று இரண்டு வினைகள் வைத்திருக்கிறோம். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. போர்த்துகீசியத்தில் 'லெவன்த்தார்' என்ற ஒரே வினைதான். அது அடிப்படையில் பிறவினை: தூக்கு, உயர்த்து, எழுப்பு. அதைத் தன்வினையாக்க, செய்கிறவரையே செயப்படுபொருள் ஆக்குகிறார்கள். அந்த வேலையைத்தான் மெ, தெ, ஸெ செய்கின்றன. 'லெவான்த்து-மெ' என்றால் நான் எழுகிறேன். 'மெ' இல்லாமல் வெறும் 'லெவான்த்து' என்று நிறுத்தினால், எதைத் தூக்குகிறாய் என்று கேட்பவர் காத்திருப்பார். இங்கே பணம் எடுக்கும் முல்திபாங்கு இயந்திரத்தின் திரையில் 'லெவன்த்தமென்த்துஷ்' என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். பணத்தை வெளியே எடுப்பதும் அதே லெவன்த்தார்தான். அங்கே 'மெ' கிடையாது, ஏனென்றால் எடுக்கப்படுவது பணம்.

'தெய்த்தார்' என்ற வினையும் அப்படித்தான். தனியாக வந்தால் கிடத்து, கீழே போடு என்ற பொருள். குப்பையைத் தூக்கிப்போடுவது 'தெய்த்தார் ஃபோர'. நாம் படுப்பது 'தெய்த்தார்-ஸெ'. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பேரனைத் தன்னோடு வைத்து வளர்க்கிறார். ஒரு நாள் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தெய்த்து உ மெனீனு ஆஷ் நோவெ இ தெய்த்து-மெ ஆஷ் ஓன்ஸெ." பையனை ஒன்பது மணிக்குப் படுக்க வைக்கிறேன், நான் பதினொன்றுக்குப் படுக்கிறேன். ஒரே வாக்கியத்தில் ஒரே வினை இரண்டு முறை வருகிறது. முதல் முறை படுக்கிறவன் பையன், அதனால் 'மெ' இல்லை. இரண்டாவது முறை படுக்கிறவர் அவரே, அதனால் 'மெ' வந்துவிட்டது. எந்த இலக்கணப் புத்தகத்தையும்விட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்தே அடுத்த விஷயமும் வந்துவிடுகிறது. வினைக்குச் செயப்படுபொருள் இடம் ஒன்றுதான். அங்கே நீங்கள் இருக்கலாம், அல்லது வேறொரு பொருள் இருக்கலாம். 'வீஷ்து-மெ' என்றால் உடை உடுத்துகிறேன். ஆனால் கோட்டு போடுகிறேன் என்று சொல்ல 'வீஷ்து உ கஸாக்கு'. கோட்டு வந்ததும் 'மெ' போய்விட்டது. கை கழுவுவது 'லாவு அஷ் மாவ்ங்ஷ்', பல் துலக்குவது 'லாவு உஷ் தென்த்தெஷ்'. இவற்றிலும் 'மெ' இல்லை. என் கை, என் பல் என்று 'என்' போடவும் வேண்டாம். யார் கை என்பது கேட்பவருக்குத் தெரியும். ஸ்பானிஷ் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அந்த மொழியில் கை கழுவும்போதும் 'மெ' போடுவார்கள். போர்த்துகீசியத்தில் கையைச் சொன்னால் போதும்.

சரி, இந்த ஒழுங்குக்குள் அடங்காதவை? அன்றாட வழக்கத்தில் முக்கியமானவை இரண்டு. கண்விழிப்பது 'அக்கூர்தார்', தூங்கிப்போவது 'அதுர்மெஸேர்'. இரண்டும் 'மெ' இல்லாமலேயே தன்வினையாக நிற்கும். 'அக்கோர்து ஆஷ் ஸெய்ஷ்' என்றால் ஆறு மணிக்குக் கண்விழிக்கிறேன், அவ்வளவுதான். அதனால் அக்கூர்தார் வெறுமனே, லெவன்த்தார் 'மெ'யோடு என்று இரண்டையும் ஜோடியாகவே பழகுங்கள். குளிப்பதற்கு 'தோமு பாஞு' அல்லது 'தோமு தூஷ்', காலை உணவுக்கு 'தோமு உ பெக்கேனு-அல்மோஸு'. இங்கே 'தோமு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்பதால் 'மெ'க்கு இடமே இல்லை.

இன்னொரு பக்கம், தன் மேல் எதுவும் செய்துகொள்ளாமலே 'மெ' வாங்கும் வினைகளும் உண்டு. மறந்துபோவது 'இஷ்கெஸேர்-ஸெ'. சாவியை மறந்துவிட்டேன் என்பது 'இஷ்கெஸீ-மெ த ஷாவெ'. நம் சாவி இந்த 'ஷாவெ'யிலிருந்து வந்ததுதான். துவாலை, சன்னல், மேசை, ஈழத்தில் சொல்கிற பாண், சப்பாத்து எல்லாமே போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. ஆகவே காலை நேரத்தைச் சொல்லத் தேவையான பெயர்ச்சொற்களில் ஒரு பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம், கிளம்புகிறேன் என்பதற்கு இங்கே நாள் முழுக்கக் காதில் விழுவது 'வோ-மெ எம்போர'. இது போன்றவற்றை அலசாமல் முழுசாக வாயில் போட்டுக்கொள்வதே நல்லது.

இப்போது 'மெ' நிற்கும் இடம். கேள்வியின் கனமான பகுதி இதுதான். போர்ச்சுகலில் சாதாரண வாக்கியத்தில் அது வினைக்குப் பின்னால், ஒரு சிறு கோடு போட்டு ஒட்டும்: 'லெவான்த்து-மெ ஆஷ் ஸெத்தெ'. ஆனால் வினைக்கு முன்னால் சில சொற்கள் வந்தால், அவை 'மெ'யை முன்னால் இழுத்துவிடும். இழுப்பதில் முதல் ஆள் 'நாவ்ங்', அதாவது இல்லை என்கிற சொல்: 'நாவ்ங் மெ லெவான்த்து ஸேது', நான் சீக்கிரம் எழுவதில்லை. ஒருபோதும் என்கிற 'நூங்க', மட்டும்தான் என்கிற 'ஸோ', ஏற்கெனவே என்கிற 'ஜா', கூட என்கிற 'தம்பெய்ங்', எப்போது என்கிற 'குவாந்து', ஏனென்றால் என்கிற 'பூர்கெ', அப்புறம் கேள்விச்சொற்கள், இவையெல்லாம் இழுக்கும். அதற்குப் பிறகு என்கிற 'தெபோய்ஷ்' இழுக்காது. 'மற்றும்' பொருளில் வரும் 'இ'யும், ஆனால் என்கிற 'மஷ்'ஷும் இழுக்கா.

இதை விதியாகப் படிப்பதைவிடக் குழந்தைகளிடம் பேசுகிறவர்களைக் கேளுங்கள். காலையில் பிள்ளைகளை விடும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஒரு பெண் குனிந்து ஒரு பையனுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டே, பின்னால் இருக்கும் இன்னொருவனிடம் "ஸென்த்த-தெ!" என்கிறார். உட்கார். அவன் உட்கார்ந்ததும் "நாவ்ங் தெ லெவான்த்தெஷ்!" எழுந்திருக்காதே. முதல் வாக்கியத்தில் 'தெ' பின்னால், இரண்டாவதில் முன்னால். வாசலில் ஒரு அப்பா, "தெஷ்பாஷ-தெ!" என்று மகளைச் சீக்கிரப்படுத்துகிறார். இப்படிக் கேட்டுக் கேட்டு, 'நாவ்ங்' என்று வாய் தொடங்கியதுமே 'மெ'யோ 'தெ'யோ தானாக அடுத்து வந்து நின்றுவிடும். அந்த நிலைக்கு வருவதுதான் குறி.

இரண்டு வினை சேர்ந்து வந்தால் கொஞ்சம் தளர்வு உண்டு. படுக்கப் போகிறேன் என்பதற்கு 'வோ தெய்த்தார்-மெ', 'வோ-மெ தெய்த்தார்' இரண்டும் சரி. எழ வேண்டும் என்பது 'தேஞு தெ மெ லெவன்த்தார்'. படுப்பதற்கு முன் என்பது 'ஆன்த்தெஷ் தெ மெ தெய்த்தார்'. எதிர்கால வினையின் நடுவில் 'மெ'யைச் செருகும் 'லெவன்த்தார்-மெ-எய்' என்ற வடிவத்தைப் புத்தகத்தில் பார்த்தால் பயப்பட வேண்டாம். அது முறைப்படியான எழுத்துக்கு. பேச்சில் 'வோ' போட்டுச் சொன்னால் போதும்.

'நாங்கள்' என்று சொல்லும்போது ஒரு எழுத்து விழும். 'லெவன்த்தாமுஷ்' என்பதோடு 'நுஷ்' சேர்ந்தால் இடையில் உள்ள 'ஷ்' போய் 'லெவன்த்தாமு-நுஷ்' ஆகும். மறுக்கும்போது 'நுஷ்' முன்னால் போய்விடுவதால் அந்த 'ஷ்' திரும்பி வந்துவிடும்: 'நாவ்ங் நுஷ் லெவன்த்தாமுஷ்'.

தேர்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் இந்தச் சிறு சொல்லிலும் உண்டு. நண்பர் கேட்டால் "அ கெ ஓரஷ் தெ லெவான்த்தஷ்?" என்பார். மரியாதையாகப் பேசுகிற தேர்வாளர் "அ கெ ஓரஷ் ஸெ லெவான்த்த?" என்று 'ஸெ' போட்டுக் கேட்பார். காதில் விழுந்த 'ஸெ'யையே பதிலிலும் திருப்பிச் சொல்லத் தோன்றும். உங்கள் பதில் எப்போதும் 'மெ'.

பயிற்சிக்கு என் ஒரு நாளை எழுதுகிறேன். நீங்கள் உங்கள் நேரங்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கோர்து ஆஷ் ஸெய்ஷ் இ மெய்ய, மஷ் ஸோ மெ லெவான்த்து ஆஷ் ஸெத்தெ. தோமு பாஞு, வீஷ்து-மெ இ பென்த்தெயு-மெ. தெபோய்ஷ் தோமு உ பெக்கேனு-அல்மோஸு, லாவு உஷ் தென்த்தெஷ், கால்ஸு உஷ் ஸப்பாத்துஷ் இ வோ பர உ த்ரபால்யு. ஆ நோய்த்தெ தெய்த்து அ மீஞ ஃபீல்ய ஆஷ் நோவெ. நூங்க மெ தெய்த்து ஆன்த்தெஷ் தஷ் ஓன்ஸெ.

ஆறரைக்குக் கண்விழிக்கிறேன், ஆனால் ஏழு மணிக்குத்தான் எழுகிறேன். குளித்து, உடுத்தி, தலை சீவுகிறேன். பிறகு காலை உணவு, பல் துலக்கல், சப்பாத்து மாட்டிக்கொண்டு வேலைக்கு. இரவு ஒன்பதுக்கு மகளைப் படுக்க வைக்கிறேன். பதினொன்றுக்கு முன் நான் படுப்பதே இல்லை. மேலே சொன்னவற்றில் முக்கியமானவை இந்தச் சில வரிகளுக்குள் இருக்கின்றன. 'ஸோ', 'நூங்க' வந்த இடங்களில் 'மெ' எங்கே நிற்கிறது, மகள் வந்த இடத்தில் ஏன் இல்லை என்று பார்த்துக்கொண்டே சத்தமாகப் படியுங்கள். எழுதிப் பார்ப்பதைவிட வாய்விட்டுச் சொல்வதுதான் இந்த விஷயத்தில் பலன் தரும்.

கடைசியாக பிரேசில். டுவோலிங்கோ சொல்லித்தருவது பிரேசில் போர்த்துகீசியம். அங்கே 'மெ' பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் வரும், அதுவும் 'மி' என்று தெளிவாக ஒலிக்கும்: 'ஏவு மி லெவான்த்து'. வாக்கியத்தை 'மி'யில் தொடங்குவதும் பேச்சில் சகஜம். பலர் அதையும் விட்டுவிட்டு 'ஏவு லெவான்த்து' என்றே சொல்வார்கள். லிஸ்பனில் உங்களோடு வேலை செய்கிறவர்களில் பிரேசில்காரர்கள் இருக்க நிறைய வாய்ப்புண்டு, ஆகவே இரண்டும் காதில் விழும். அவர்கள் சொல்வது தவறில்லை, அது அவர்கள் வழக்கு. ஆனால் தேர்வு முடியும் வரையாவது ஒரு நாட்டு வழக்கிலேயே நில்லுங்கள். போர்ச்சுகலில் எழுதப்போகிறீர்கள் என்பதால் 'லெவான்த்து-மெ' என்றே சொல்லிப் பழகுங்கள். பிரேசில் நண்பர்களுக்கும் அது நன்றாகவே புரியும்.