எட்டுக்குள் ஒளிந்திருக்கும் ணகரம்

அன்புள்ள ஐயா,
ஆங்கில 'எயிட்' நம் 'எட்டு'தான் என்றேன்; நண்பர் சிரிக்கிறார். 'கேஷ்', 'ஜிஞ்ஜர்' எல்லாம் தமிழிலிருந்து போனவைதானே? சொல்லாராய்ச்சியை முறையாகக் கற்க எந்த நூலில் தொடங்கலாம்?
கே.

அன்புள்ள கே.,

அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள்.

இருபது வயதில் நானும் இதே எட்டை மேடையில் முழங்கியவன். கீழே இறங்கியதும் என் ஆசிரியர் ஒரு துண்டுத்தாளை நீட்டி, "எட்டுப் பத்து எவ்வளவு? எழுத்தால் எழுது" என்றார். 'எண்பது' என்று எழுதினேன். "எட்டில் இல்லாத ணகரம் எங்கிருந்தப்பா வந்தது?" என்றார். பதில் இல்லை. எண்ணூறு, எண்திசை, எண்சாண் உடம்பு என்று அது எங்கும் இருக்கிறது. கன்னடத்தில் எட்டே 'எண்டு'தான். அத்தனை நாளும் என் வாயிலேயே இருந்த ஒலி அது, நான் கேட்கவில்லை.

ஆங்கிலப் பக்கம் பாருங்கள். எயிட்டின் நடுவே ஜி, எச் என்று இரண்டு எழுத்துகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கின்றனவே, ஏன் என்று என்றாவது யோசித்தீர்களா? ஒருகாலத்தில் தொண்டையை உரசி ஒலித்த எழுத்துகள் அவை. ஜெர்மானியர் இன்றும் 'அஹ்ட்' என்று உரசுகிறார்கள். லத்தீனில் 'ஆக்டோ', அங்கே ககரமாகவே நிற்கிறது. தோண்டத் தோண்ட ஒரு பக்கம் ணகரம் வருகிறது, மறுபக்கம் ககரம் வருகிறது. உறவென்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டாமா? இவை விலகுகின்றன. இப்படிச் சொன்னால் தமிழ்ப்பற்று இல்லை என்பீர்கள். தன் எட்டையே உற்றுப் பார்க்காத பற்று என்ன பற்று ஐயா?

கேஷ் பாதி சரி. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. இன்று புழங்குவது, பெட்டியைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்தது. மற்றது, சென்னையில் கம்பெனிக் காலத்தில் 80 சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு நாணயம் என்றிருந்த சிறு நாணயத்தின் பெயர்; அந்தக் கேஷ்தான் நம் காசு.

இஞ்சியில் மட்டும் தயங்காமல் உரிமை கொண்டாடுங்கள். இஞ்சியும் வேரும் சேர்ந்து பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பிறகு லத்தீன், பிரெஞ்சு என்று ஒவ்வொரு படியிலும் தடம் இருக்கிறது. வடமொழியில் அதை 'கொம்பு உடம்பு' என்று பொருள்படும்படி 'சிருங்கவேரம்' ஆக்கிக்கொண்டார்கள். தவறான விளக்கம்தான். ஆனால் ஒரு துண்டு இஞ்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள், மான்கொம்பு போலவே கிளைத்திருக்கும். யாரோ நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தவறியிருக்கிறார்.

நூல் கேட்டீர்கள் அல்லவா? பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, 1984 பதிப்பு. முதலில் எட்டைத் தேடுங்கள்.