மீட்புப் பைக்கு எந்த மடக்குக் கத்தி?

கேள்வி: வெள்ள காலத்தில் மீட்புப் பணிக்குப் போகும் தொண்டர்கள் நாங்கள். கயிறு, வலை, ஆசனப்பட்டி வெட்ட உறுதியான மடக்குக் கத்தி வாங்க நினைக்கிறோம். நீண்டு கூரானது நல்லதா? கறுப்புப் பூச்சு இருந்தால் துருவேறாது என்கிறார் கடைக்காரர், உண்மையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: கூர்முனை வேண்டவே வேண்டாம். நெருக்கத்தில் ஒருவரின் உடலோடு ஒட்டிய பட்டியை வெட்டும்போது அந்த முனைதான் அவரைக் குத்தும். முனை மழுங்கிய, 7 முதல் 9 சென்ரிமீற்றர் நீளமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அலகு போதும். பாதி வழுவழுப்பாகவும் கைப்பிடிப் பக்கப் பாதி அரிவாள் பல் போலவும் இருக்கட்டும். நனைந்த நைலோன் கயிற்றில் வெறும் விளிம்பு வழுக்கும், பல் கடித்து இழுக்கும். பல்லைத் தட்டைக் கல்லில் தீட்டினால் கெட்டுவிடும். கூம்பு வடிவ உருளைத் தீட்டுகோலால் ஒவ்வொரு குழியாகத் தீட்ட வேண்டும்.

கத்தியின் உயிர், திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டில் இருக்கிறது. உட்தகடு அலகைத் தாங்கும் வகையானால், திறந்ததும் அந்தத் தகடு அலகின் அடித் தடிப்பில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை பிடித்திருக்க வேண்டும். மறுபக்கம் வரை நகர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது, வாங்காதீர்கள். அலகு மடியும் வழியில் விரல் இல்லாமல் பிடித்து, அதன் முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மடங்கினால் கடையிலேயே விட்டுவிடுங்கள். கையுறை போட்டு, ஒரு கையால் திறந்து மூட முடிகிறதா என்றும் பாருங்கள்.

கறுப்புப் பூச்சு விளிம்பைக் காக்காது. தீட்டியதும் உருக்கு வெளியே தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். கொட்டியாரக் குடா உப்புக் காற்றில் டி2 போன்ற உருக்கு வகை சீக்கிரம் துருப் புள்ளியிடும். 14சி28என் வகை நன்றாகத் தாங்கும். எச்1 கிட்டத்தட்டத் துருவே பிடிக்காது, ஆனால் விலை கூடியது.

எதுவானாலும் கடல்நீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் திறந்து கழுவி, துடைத்து உலர்த்தி, அச்சாணியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். மணல் ஒரு பருக்கை பூட்டின் பள்ளத்தில் கிடந்தாலும் தகடு முழுதாக ஏறாது. வெளிப்பார்வைக்குத் திறந்தது போலிருந்து, அழுத்தியதும் விரலில் மடங்குவது இப்படித்தான்.

கேள்வி: கார் கண்ணாடியையும் அதே கத்தியால் உடைக்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: கைப்பிடி நுனியில் டங்ஸ்டன் கார்பைட் முள் உள்ளதானால் பக்கக் கண்ணாடியை உடைக்கலாம். நடுவில் அடிக்காமல் கீழ் மூலையில் அடியுங்கள், உள்ளே இருப்பவரின் முகத்தை முதலில் துணியால் மூடுங்கள். முன்கண்ணாடி இரு தகட்டுக்கு நடுவே பிளாஸ்ரிக் ஒட்டியது, முள்ளடிக்கு விரிசல் மட்டுமே விழும். சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படியே. எந்த வகை என்று கண்ணாடி மூலையிலுள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆசனப்பட்டியை வெட்டுமுன் அதன் பூட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பலசமயம் அதுவே திறந்துவிடும். திறக்காவிட்டால் தோளுக்கு மேலே இழுத்து இறுக்கி, அவர் உடலுக்கு வெளிப்புறமாகச் சாய்வாக வெட்டுங்கள். இந்த ஒரு வேலைக்குக் கொக்கி வடிவப் பட்டி வெட்டிதான் கத்தியைவிடப் பாதுகாப்பு. அலகு உள்ளே மறைந்திருப்பதால் தோலைத் தொடாது. பையில் இரண்டும் இருக்கட்டும். காயம் என்றால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை முதலே அழையுங்கள்.