ஒரு பெண் எழுந்திருக்க மறுத்ததால்தான் அமெரிக்காவில் இன ஒதுக்கல் ஒழிந்ததா?

களைத்துப்போன தையற்காரப் பெண் ஒருவர் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார், அதனால் நாடே மாறிவிட்டது என்று பள்ளிப் பாடத்தில் படித்ததாகவும், ஒரு நாடு அவ்வளவு எளிதாக மாறிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எளிதாக மாறவில்லை. ரோசா பார்க்ஸின் துணிவைச் சற்றும் குறைக்காமலே அந்தப் பாடத்தில் விடுபட்டுப்போனவர்களைப் பற்றிச் சொல்ல முடியும். பல ஆண்டுகளாக இந்த வரலாற்றைப் படித்துவருகிறவன் என்ற முறையில், சொல்லியாக வேண்டும் என்றும் எண்ணுகிறேன்.

அந்தப் பேருந்து இப்போது மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்டி எண் 2857. ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டபின் பல ஆண்டுகள் ஒரு நிலத்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் கொட்டகையாகக் கிடந்த அதை மீட்டுச் சீரமைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் உள்ளே ஏறி உட்காரலாம். நானும் ஏறினேன். வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த முதல் பத்து இருக்கைகளைக் கடந்தவுடன் வரும் வரிசையில்தான் பார்க்ஸ் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரின் இடத்திலிருந்து அந்த வரிசை சில அடிகள்தான். குரலை உயர்த்தாமல் பேசினாலே கேட்கக்கூடிய தூரம் அது என்பது, உள்ளே உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

1955 டிசம்பர் 1 அன்று மாலை அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில், அந்த முன்வரிசைகள் நிரம்பி ஒரே ஒரு வெள்ளையர் நின்றுகொண்டிருந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது என்பதால், அந்த ஒருவர் அமர்வதற்காக நான்கு பேர் எழ வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். மூவர் எழுந்தனர். சன்னலோரம் இருந்தவர் வெளியேறுவதற்கு வழிவிட்ட பார்க்ஸ், தாம் எழாமல் சன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே கோடு எங்கே விழும் என்பதைப் பயணத்துக்குப் பயணம் முடிவுசெய்யும் அதிகாரத்தை நகரச் சட்டம் ஓட்டுநரின் கையில் கொடுத்திருந்தது. கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்திவிட்டு, மறுபடியும் இறங்கிப் பின்வாசலுக்கு நடந்துபோய் ஏற வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்படுவதும், அவர்கள் பின்வாசலை அடையும் முன்பே வண்டி புறப்பட்டுவிடுவதும் உண்டு. அப்படிப் பின்வாசலுக்குப் போக மறுத்ததற்காக 1943-இல் பார்க்ஸை இறக்கிவிட்டவரும் இதே ஓட்டுநர்தான். அந்த மாலையில் பார்க்ஸுக்கு வயது 42. தேசியக் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளைக்குச் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கறுப்பினத்தவர் மீதான வன்கொடுமைகள் குறித்த வாக்குமூலங்களைத் திரட்டியவர். உடல் களைப்பால் எழ மறுத்தார் என்ற விளக்கத்தைப் பின்னாளில் அவரே மறுத்திருக்கிறார்.

அவருக்கு முன்பே மறுத்தவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 2 அன்று, 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கால்வின் எழ மறுத்ததற்காகக் கைவிலங்கிடப்பட்டு இழுத்துச் செல்லப்பட்டார். அக்டோபரில் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித் கைதானார். இவர்களை எதிர்ப்பின் முகமாக முன்னிறுத்தக் கறுப்பினத் தலைவர்கள் தயங்கினார்கள். கால்வின் சிறுமி, ஏழைக் குடும்பத்தவர், பின்னர் மணமாகாமலே கருவுற்றவர் என்பதெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நியாயம் கேட்டு நின்றவர்களே ஒரு சிறுமியைத் தகுதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது, இந்த வரலாற்றில் என்னை இன்றும் வருத்தும் பகுதி. எதிராளியின் கையில் ஒரு சிறு குறைகூடச் சிக்கிவிடக் கூடாது என்ற அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. அதற்கான விலையை அந்தச் சிறுமி ஒருத்தியே கொடுத்தாள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பார்க்ஸ் கைதானதையடுத்துக் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பும் திடீரென முளைத்ததன்று. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, 1949-இல் ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பேருந்தின் முன்பகுதியில் உட்கார்ந்ததற்காக ஓட்டுநரின் வசவுக்கு ஆளாகி, அழுதுகொண்டே இறங்கியவர். மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவியாக 1954 மே 21 அன்று மேயருக்கு அவர் எழுதிய கடிதத்தில், பயணிகளில் முக்கால் பங்கினர் கறுப்பினத்தவரே என்பதையும், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துகள் ஓட முடியாது என்பதையும் பணிவாகவே எடுத்துச் சொல்லியிருந்தார். பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. பார்க்ஸ் கைதான இரவு, ராபின்சன் தம் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில், தாளுக்கு மூன்றாக அச்சிட்டு வெட்டியெடுக்கும்படி, விடிய விடியப் புறக்கணிப்புக்கு அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் உடனிருந்தார்கள். காலையில் வகுப்பும் எடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் என்ற 26 வயதுப் போதகர் புறக்கணிப்பை நடத்தும் அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்கும் பிறகு, டிசம்பர் 5 பிற்பகலில்தான்.

அவர்கள் முதலில் கேட்டது எவ்வளவு சிறியது என்பதையும் பாருங்கள். ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும், கறுப்பினத்தவர் மிகுதியாகப் பயணிக்கும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும், கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார்ந்தபின் யாரையும் எழுப்பக் கூடாது. இந்த இருக்கை முறை அதே அலபாமாவின் மொபைல் நகரில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மாண்ட்கோமரி நிர்வாகம் அதற்கும் இணங்கவில்லை.

எனவே ஒரு நாள் என்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீண்டது. முதலில் கறுப்பின வாடகைக் கார் ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான பத்து சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். 45 சென்டுக்குக் குறைவாக வாங்கினால் தண்டனை என்று நகரம் மிரட்டியதும், 1953-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த புறக்கணிப்பின் அனுபவத்தைக் கேட்டறிந்து, சொந்தக் கார்களைக் கொண்டு ஒரு போக்குவரத்தையே நடத்தினார்கள். ஏறுமிடங்களும் நேரங்களும் வகுக்கப்பட்டன. தேவாலயங்களின் பெயரில் வண்டிகள் வாங்கப்பட்டன. அவற்றின் காப்பீடு உள்ளூரில் ரத்துசெய்யப்பட்டபோது லண்டன் வரை போய்க் காப்பீடு பெற்றார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வெள்ளை எசமானிகளே காரில் அழைத்துவந்ததும் உண்டு. மேயர் அதைக் கண்டித்தும் அது நிற்கவில்லை.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி, தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழியும் கேக்கும் பணியாரங்களும் செய்து விற்று, வாரந்தோறும் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியவர்களில் வெள்ளையரும் இருந்தனர். சமைத்தவர்களின் பெயர் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், தங்கள் குழுவுக்கு ‘ஊர்பேர் இல்லாத சங்கம்’ என்ற பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டார்கள். புறக்கணிப்புக்காகக் கிங் மீது தொடரப்பட்ட வழக்கில் சாட்சி சொன்ன பிறகு கில்மோரின் வேலை போய்விட்டது. பிறகு அவர் தம் வீட்டிலேயே சமைத்து விற்றார். ஒரு போராட்டம் எப்படி நிலைத்து நிற்கிறது என்று யாரேனும் கேட்டால், எந்தச் சொற்பொழிவையும் விட இந்தச் சமையலறைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

எதிர்த்தவர்களும் அரசும் சும்மா இருக்கவில்லை. 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. பிப்ரவரியில், 1921-ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது அரசுத் தரப்பினர் குற்றம் சாட்டினார்கள்.

இறுதியில் சட்டத்தை வீழ்த்திய வழக்கில் பார்க்ஸ் வாதியல்லர். அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் இழுத்தடிக்கப்படும் என்று கணித்த இளம் வழக்கறிஞர் பிரெட் கிரே, ஆரிலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின் ஆகியோர் சார்பில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுத்தார். ஆம், ஒதுக்கப்பட்ட அதே கால்வின்தான். வெளியில் முன்னிறுத்தத் தயங்கப்பட்ட பெண், சாட்சிக் கூண்டில் ஏறித் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். 1956 ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே நாளில்தான் கார் போக்குவரத்துக்கு மாநில நீதிமன்றத்தில் தடை கிடைத்தது. தீர்ப்பின் ஆணை நகரத்தை வந்தடைந்தது டிசம்பர் 20 அன்று. அதாவது, வென்ற பிறகும் ஐந்து வாரத்துக்கு மேல், ஏற்பாடு செய்திருந்த கார்களும் இல்லாமல், பேருந்தில் ஏறாமலே காலந்தள்ளினார்கள்.

பேருந்தில் சமமாக உட்காரத் தொடங்கிய சில நாட்களிலேயே வண்டிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கருவுற்றிருந்த ஒரு பெண் கால்களில் குண்டு பாய்ந்து காயமடைந்தார். ஜனவரியில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. பார்க்ஸும் அவர் கணவரும் வேலையிழந்து, 1957-இல் ஊரைவிட்டே டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இன ஒதுக்கலைத் தடைசெய்த நாடு தழுவிய குடிமை உரிமைச் சட்டம் 1964-இலும் வாக்குரிமைச் சட்டம் 1965-இலும்தான் வந்தன. அந்த வாக்குரிமைச் சட்டத்தின்படி எந்தெந்தப் பகுதிகள் தம் தேர்தல் விதிகளை மாற்றுமுன் கூட்டாட்சி அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று வரையறுத்த பிரிவை, உச்ச நீதிமன்றம் 2013-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாததாக்கியது. அந்த வழக்கும் அலபாமாவிலிருந்தே போனது. ஆகவே, ‘ஒழிந்ததா’ என்ற உங்கள் சொல்லுக்கு என்னால் ஆம் என்று பதில் எழுத இயலவில்லை.

கால்வின் மீது முதலில் மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டிருந்தன. மேல்முறையீட்டில் இன ஒதுக்கல் தொடர்பானதையும் இன்னொன்றையும் விட்டுவிட்டு, காவலரைத் தாக்கினார் என்பதை மட்டும் நிலைநிறுத்தினார்கள். அதனால் அந்த வழக்கைக் கொண்டு ஒதுக்கல் சட்டத்தை எதிர்க்க வழியில்லாமல் போயிற்று. அந்தக் குற்றப்பதிவை அழிக்கக் கோரி அவரே நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அது அழிக்கப்பட்டபோது அவருக்கு வயது 82.