பாவம், அவருக்கும் குடும்பம் இருக்குமே!

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. அப்பா காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. அவருடைய ஆயுள் காப்பீட்டுத் தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கவுண்டரில் இருந்தவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியாகப் போனபோது, அவரே கொடுத்திருந்த படிவத்தைப் புரட்டிவிட்டு, "பாலிசிதாரர் கையெழுத்து எங்கே?" என்றார். "அவர்தான் சார் இறந்துவிட்டார்" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்று படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். பக்கத்துக் கவுண்டர் பெண்மணிதான் கூப்பிட்டு, அது பாலிசிதாரர் உயிரோடு இருந்தால் வாங்கும் முதிர்வுத் தொகைக்கான படிவம் என்று சொல்லி, சரியானதை எடுத்துக் கொடுத்து, சில நிமிடங்களில் வேலையை முடித்து அனுப்பினார்.

இப்படிப்பட்டவர்களுக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்? கொடுத்தாலும் எப்படி நிலைக்கிறார்கள்? என் தம்பி இரண்டு பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிறான். எல்லாம் சிபாரிசுதானே? பேசாமல் இந்த இடங்களில் இயந்திரத்தை வைத்துவிடலாம் இல்லையா? புகார் எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். எழுதினால் பயன் உண்டா?

அன்று மாலை, 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்குமே என்று தோன்றியது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இறந்தவரின் கையெழுத்தை மகளிடம் கேட்பது! வாசித்தபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். அந்த மனிதருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

இத்தகைய கடிதங்களுக்குத் தனிப்பட்ட முறையில் பதில் போட்டுவிடுவதே என் வழக்கம். இதை இங்கே எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் பழைய சகா ஒருவர் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தார். வேலையில் அவர் எப்படி என்பதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன் நான். முடியாது என்றேன். "நாலு வரி நல்லதா எழுதிக் கொடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனவர் அப்புறம் பேசவே இல்லை. அந்த நாலு வரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதன் கடைசி வரியைப் படித்ததும் இதைப் பொதுவில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடலாம். சிபாரிசு: இருக்கலாம், ஆனால் நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை. அதை ஒழிக்க உலகம் ஏற்கெனவே படாத பாடு பட்டிருக்கிறது. பிரிட்டனில் 1854-இல் நார்த்கோட்–டிரவெலியன் அறிக்கை, அரசு வேலைக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. தேர்தலில் கட்சிக்கு உழைத்ததற்குத் தூதரகப் பதவி கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த சார்லஸ் கிட்டோ என்பவன் 1881-இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. கூடவே தேர்வு வந்தது, ஆட்சி மாறியதும் ஆளை மாற்றுவதற்குத் தடையும் வந்தது. எல்லாம் நல்லதுதான். வேண்டப்பட்டவரை வாசலில் நிறுத்தத் தேர்வு உதவும். ஆனால் தகப்பனை இழந்து வந்து நிற்பவரிடம் எப்படிப் பேசுவது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. உங்கள் தம்பியின் இரண்டு பட்டங்களும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இயந்திரம் வைக்கலாம் என்கிறீர்கள். அதுவும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. மரியாதையாகச் சொல்லும், அவ்வளவுதான். அதோடு, பக்கத்துக் கவுண்டர் பெண்மணியையும் சேர்த்தல்லவா வெளியே அனுப்பிவிடுவீர்கள்?

சரி, இவர்களை யார் எடுக்கிறார்கள்? பெரும்பாலும், 'ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்' என்று நம்புகிறவர்கள். ஜேசன் டானா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் வாங்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசியமாக ஓர் ஏற்பாடு: கேள்வியின் பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், அதன் கடைசிச் சொற்களின் முதல் எழுத்தை வைத்து ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சுத்தமான உளறல். பேட்டி கண்டவர்களில் ஒருவர்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த உளறலை வைத்தே எதிரே இருந்தவரின் குணத்தைப் புரிந்துகொண்டதாகத் திருப்தியோடு எழுந்து போனார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும்!

இன்னொன்றும் உண்டு. 1979-இல் ஹூஸ்டனில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாநில சட்டமன்றத்திடமிருந்து உத்தரவு வந்தது. வேறு வழியின்றி, முதலில் வேண்டாம் என்று கழித்த மாணவர்களையே கூப்பிட்டார்கள். படிப்பிலும் சரி, பிறகு மருத்துவமனைப் பயிற்சியிலும் சரி, இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரு தரப்பையும் பிரித்தது பெரும்பாலும் நேர்முகத் தேர்வாளர்களின் அபிப்பிராயம்தான்.

நேர்முகத் தேர்வில் எனக்குள்ள பெரிய குறை வேறு. அங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வேலை கேட்டு வந்தவருக்கு மேலே இருப்பவர்கள். மேலே இருப்பவரிடம் பணிவு காட்டாத ஆள் உண்டா? கீழே இருப்பவரிடம், தன்னை நம்பி வந்து நிற்பவரிடம் எப்படி என்பதல்லவா தெரிய வேண்டும்? வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தவரிடமும் வாசலில் பெயரைப் பதிவு செய்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டால் பாதி தெரிந்துவிடும். கேட்பார்களா? கௌரவம் இடம் கொடுக்காது.

ஆனால் வேலை கிடைப்பது ஒரு நாள் கூத்து. நிலைப்பதுதான் அதிசயம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தைச் சொல்கிறேன். அங்கே விசாரணைப் பிரிவில் ஒருவர் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆள் வந்து நின்றால் இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பிப்பார். குண்டூசி டப்பாவை எடுப்பார், மூடியைத் திறப்பார், மூடுவார், திரும்ப வைப்பார். வந்தவர் இருமுவார். "தெரியுது, தெரியுது" என்பார், தலையைத் தூக்காமலே. கேட்டதற்குச் சொல்லும் பதிலும் பாதி நேரம் தப்பாக இருக்கும். தப்பான பதிலோடு ஆட்கள் மாடியேறி எங்களிடம் வருவார்கள், நாங்கள் திரும்ப விளக்குவோம். எங்கள் வேலை நேரத்தில் கணிசமான பங்கு அவர் பதில்களைத் திருத்துவதில் போனது.

எங்கள் மேலாளர் தங்கமான மனிதர். கணக்கில் புலி, அதனாலேயே பதவி உயர்வு பெற்றவர். யாரையும் ஒரு சுடுசொல் சொல்லத் தெரியாது. (அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-இல் வந்தது. நன்றாக விற்றவர்களையே அதிகம் மேலாளர் ஆக்கினார்களாம், அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்ததாம். எங்கள் மேலாளரை நினைத்துக்கொண்டேன்.) வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கை வரும்போதெல்லாம் அந்த விசாரணைப் பிரிவு மனிதருக்கு எதிரே அவர் 'நன்று' என்று எழுதினார். எழுதும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பேனாவை மூடிவிட்டு, "பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார், பாவம்" என்றார். அடுத்த வருடம் அவருக்கு உடம்பு சரியில்லை, பாவம். அதற்கடுத்த வருடம் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தானே இருக்கிறது, பாவம்.

கடைசியில் பொறுக்க முடியாமல் மேலாளர் ஒரு காரியம் செய்தார். நல்ல சான்றிதழ் எழுதி, வேறொரு கிளைக்கு மாற்றலாக்கி அனுப்பிவிட்டார். பிரிவுபசார விழா நடந்தது. வேலையில் அவருக்கு இருந்த அக்கறையை நாலைந்து பேர் எழுந்து நின்று புகழ்ந்தார்கள். மறுமாதம் அந்தக் கிளையிலிருந்து தொலைபேசி. "என்ன சார், இப்படி ஒருவருக்குப் போய் நன்று என்று எழுதியிருக்கிறீர்களே?" எங்கள் மேலாளர் சிரித்தபடி சொன்னார்: "நீங்களும் எழுதிவிடுங்களேன்."

நிலைப்பது இப்படித்தான், எஸ்.! அந்த ஆளுக்குப் பின்னால் பெரிய மனிதர் யாரும் இல்லை. நாங்கள்தான் இருந்தோம், நல்லவர்கள். சங்கம் காப்பாற்றுகிறது, சட்டம் காப்பாற்றுகிறது என்பார்கள். எந்தச் சட்டமும் காரணம் காட்டினால் நடவடிக்கை எடுக்க வழி வைத்திருக்கிறது. காட்டத்தான் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. கோப்பைத் திறந்தால் வருடா வருடம் 'நன்று'. திடீரென்று ஒருநாள் 'இவர் சரியில்லை' என்றால் எந்த நீதிபதி ஏற்பார்?

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதை 1970-இல் ரோசன், டெசர் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். 'வீட்டுக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள், நல்ல செய்தி' என்று வேறொருவருக்குத் தகவல் வந்தால், சோதனைக்கு வந்தவர்கள் உரியவரிடம் அப்படியே சொன்னார்கள். 'கெட்ட செய்தி' என்று வந்தால், வீட்டுக்குப் பேசச் சொன்னார்கள் என்பதோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடமே இப்படி. தினமும் முகத்தில் விழிக்க வேண்டிய ஊழியரிடம்? இப்போது பல நிறுவனங்கள் இன்னும் சாமர்த்தியம். பழைய ஊழியரைப் பற்றி விசாரித்தால் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவி மட்டும் சொல்வார்கள். வழக்குப் போட்டுவிடுவார் என்ற பயம்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். யார் இவர்களை வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தது யார்? உங்கள் அப்பாவின் பெயரால் உங்களை அவமானப்படுத்தியவருக்கு, அன்று மாலையே, யாரும் வற்புறுத்தாமல், முழு மதிப்பெண் போட்டீர்கள். போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்! அந்த ஐந்து நட்சத்திரம் மேலிடத்தில் ஒரு தாளில் போய் உட்காரும். அந்தக் கிளை பிரமாதமாக நடக்கிறது என்று ஒருவர் கூட்டத்தில் படிப்பார். அவருக்கும் குடும்பம் இருக்கும், சரி. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு இல்லையா? பக்கத்துக் கவுண்டர் பெண்மணிக்கு? இரண்டு பேர் வேலையைச் செய்துவிட்டு ஒரு சம்பளம் வாங்கும் அவர் மேல் உங்கள் இரக்கம் ஏன் போகவில்லை? நட்சத்திரம் கொடுக்க மனசில்லை என்றால் செய்தியை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பொய் எழுத வேண்டிய அவசியம் என்ன?

பேசாமல் இருப்பதும் உத்தமம் இல்லைதான். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் நைஜீரிய ரயில்வேயைப் பற்றி எழுதினார். லாரிகள் போட்டிக்கு வந்தும் ரயில்வே திருந்தவில்லை. ஏன் என்று பார்த்தால், சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருக்கக்கூடிய ஆட்கள் எல்லாம் சரக்கைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வாயில்லாதவர்கள். வசதியும் விவரமும் உள்ளவர்கள் நைசாக வேறு கவுண்டருக்கு நகர்ந்துவிடும் இடங்களில் நடப்பதும் இதுவே.

உங்கள் ஆளுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன், மன்னிப்பதற்காக இல்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் எழுதியதுபோல, அலுவலகங்களில் விதி எதற்காக வந்தது என்பது மறந்து விதியே குறிக்கோளாகிவிடும். கட்டம் காலியாக இருந்தால் தலைமை அலுவலகம் படிவத்தைத் திருப்பி அனுப்பும், அவருக்கு மெமோ வரும். நீங்கள் நடையாய் நடந்தால் யாருக்கும் மெமோ வராது. அவர் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குச் சரியாகப் பயப்படுகிறார். அந்த அளவில் கெட்டிக்காரர்.

புகாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? எழுதுங்கள். அவர் திமிர் பிடித்தவர், லாயக்கில்லாதவர் என்றெல்லாம் எழுதாதீர்கள். அது உங்கள் கோபமாகத்தான் படிக்கப்படும். தேதி, நேரம், கவுண்டர் எண், கொடுத்த தவறான படிவம், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே. வேலையைவிட்டு எடுங்கள் என்று கேட்க வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. எழுத்தில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தில் தனிப் பத்தியாகப் பக்கத்துக் கவுண்டர் பெண்மணி செய்ததையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அவருடைய கவுண்டர் எண்ணைப் போடுங்கள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். தம்பியின் படிப்பு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல முடியும்.

அன்புடன்