காரைக்குடியில் பழசு வாங்கப் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வழியாகக் காரைக்குடி போகிறோம். பழம்பொருள் கடைகளைப் பார்க்க ஒரு நாள் போதுமா?
– செங்காங் வாசகி

பார்க்கப் போதும், வாங்கப் போதாது. திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம். கடைகள் வரிசையாக இருப்பது முனீஸ்வரன் கோயில் தெருவில். முதல் நாள் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்து, கடைக்காரர் சொன்ன விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை போய்ப் பேரம் பேசுங்கள். பார்த்த மாத்திரத்தில் வாங்கினால், நாலு கடை தள்ளி அதே அடுக்குச்சட்டி பாதி விலைக்குத் தொங்குவதைப் பார்க்க நேரும்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. வாசலில் அடுக்கிய மரச்சாமான் நனைந்திருந்தால் அன்றைக்கு அதை வாங்க வேண்டாம். ஈரத்தில் வெடிப்பும் ஒட்டுப்போட்ட இடமும் தெரியாது. கையில் அளவு நாடா, சிறு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

கிளம்பும் முன் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்டினியும் சாப்பிட்டுவிடுங்கள். பணியாரம் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில்தான் ருசி. ஆறிப்போனால் எண்ணெய் தெரியும். சந்தை நாள் எது என்று தங்கும் விடுதியில் கேட்டு, பயணத்தை அதையொட்டி வைத்துக்கொண்டால் காய்கறி, வற்றல், ஓலைக்கொட்டான் எல்லாம் ஒரே நடையில் முடியும்.

பழசு போலச் செய்த புதுசை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல காலம் தரையில் இழுபட்ட பாத்திரத்தின் அடிவிளிம்பு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தேய்ந்திருக்கும். புதிதில் தேய்மானமே இருக்காது, அல்லது அரம் போட்டதுபோல் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும். அமிலம் தடவிப் பச்சை ஏற்றியிருந்தால் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே துணியில் ஒட்டிக்கொள்ளும். உண்மையான கறை பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக, பிடிவாதமாக இருக்கும்.

செட்டிநாட்டுச் சீர்ப் பாத்திரங்களில் வீட்டு விலாசத்தை, அதாவது குடும்பத்தார் பெயரின் முதலெழுத்துகளை, புள்ளி புள்ளியாகக் கொத்தியிருப்பார்கள். அந்த எழுத்துமேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். பல காலம் புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தில் எழுத்தின் ஓரம் மழுங்கி, நகம் வழுக்கிக்கொண்டு போகும். சமீபத்தில் கொத்தியதென்றால் ஓரத்துப் பிசிர் நகத்தில் மாட்டும். இந்த ஒரு சோதனைக்காகவே விலாசம் உள்ள பாத்திரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ரவிவர்மா அச்சுப்படம் என்று காட்டினால் லென்ஸை எடுங்கள். ஓவியர் ரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் கல்லச்சில் படம் போட்டது. கல்லச்சின் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் தெரியும். ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் வரிசை கட்டினால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. படத்தின்மேல் ஜரிகையும் துணியும் ஒட்டி அலங்கரித்திருப்பது அந்தக் காலத்துப் பழக்கம்தான், அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். பழைய சட்டத்தில் புதுப்படம் மாட்டியிருக்கிறதா என்று பின்பலகையைத்தான் பார்க்க வேண்டும். பலகை கறுத்திருக்க, ஆணி மட்டும் பளபளத்தால் யாரோ திறந்து மாட்டியிருக்கிறார்கள்.

குத்துவிளக்கு வாங்கினால் பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி எல்லாவற்றையும் கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். வெவ்வேறு விளக்கின் பாகங்களைச் சேர்த்திருந்தால் மரை ஒத்துப்போகாமல் ஆடும். கழற்றினால் பெட்டியில் அடுக்கவும் எளிது.

பழைய ஈயச்சொம்பு வாங்கி ரசம் வைக்கலாமா?
– ஈசூன் வாசகி

நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. காரீயம் கலந்திருந்தால் ஆபத்து, கண்ணால் பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. சொம்பின் விளிம்பை வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்தால் பென்சில் கோடுபோல் சாம்பல் நிறம் விழுகிறதா? அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். கோடு விழாவிட்டாலும் கலப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே பழையதை அலங்காரத்துக்கு வையுங்கள்; ரசத்துக்கு நம்பகமான கடையில் புதிது வாங்குங்கள்.

புதிதிலும் கவனம் வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிடத்தில் அடி ஓட்டையாகிவிடும். முதலில் புளித்தண்ணீர், பிறகு சிறு தீ. தீ பக்கவாட்டில் ஏறக்கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது.

பித்தளைப் பாத்திரத்தில் உட்பக்க ஈயப்பூச்சு போயிருந்தால் புளி சேர்ந்த எதையும் சமைக்காதீர்கள், களிம்பு ஏறும்.

வீட்டுப் பூசையறைக்கு ஒரு பழைய வெண்கலச் சிலை வாங்க ஆசை. கொண்டுவர முடியுமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

ஆசையை விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சுவடிகளுக்கு 75 ஆண்டு. அவ்வளவு பழசில்லை, ஆனால் பார்க்கப் பழசாக இருக்கிறது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கு நாளாகும், ஒரு வார விடுமுறையில் நடக்கிற காரியமில்லை. ‘பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்’ என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் பேப்பரை முதலில் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

கோயிலிலிருந்து களவு போன சிலை பெரிய இடங்களையே ஏமாற்றியிருக்கிறது. நமது ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி சிலையை 2015இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பூசைக்கு என்றால் சுவாமிமலையில் புதிதாக வார்த்த சிலையை ரசீதோடு வாங்குங்கள்.

தந்தச் சாமான், அது சீப்பானாலும் சரி, பெட்டிப் பிடியானாலும் சரி, தொடவே வேண்டாம்.

தின்பண்டம், மசாலா எவ்வளவு கொண்டுவரலாம்?
– தெம்பனிஸ் வாசகி

சீப்புச் சீடை, மணகோலம், கைமுறுக்கு எல்லாம் சொந்த உபயோக அளவில் கொண்டுவரலாம். முறுக்கு பொடியாகாமல் இருக்கப் பையில் கட்டாமல் தகர டப்பாவில், மேலே காலியிடம் இல்லாமல் காகிதத்தால் அடைத்து வையுங்கள். கந்தரப்பம், பால் பணியாரம் அங்கேயே சாப்பிட வேண்டியவை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கசகசா. சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள், செட்டிநாட்டு மசாலாவில் அடிக்கடி சேரும். பொடியை அரைத்துத் தரச் சொன்னால் கசகசா வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். உப்புக்கண்டமும் வேண்டாம், இறைச்சியை அனுமதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து மட்டுமே கொண்டுவரலாம். வெற்றிலைப் பெட்டி வாங்கலாம், அதில் போடும் மெல்லும் புகையிலைக்குத் தடை உண்டு.

சாங்கி விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டுமா?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு. அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி. 800 வெள்ளிக்கு வாங்கினால் மிச்சம் 300 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 27 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர் அனுமதி, நீண்டகால வருகை அனுமதி உள்ளவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. ரசீதில் ‘பழைய பித்தளைச் சொம்பு’ என்று பொருளின் பெயரையும் எடையையும் எழுதி வாங்குங்கள்.

வாங்கிவந்த மரப்பாச்சியிலிருந்து மாவு கொட்டுகிறது. என்ன செய்வது?
– அங் மோ கியோ வாசகி

உளுப்பூச்சி உயிரோடு இருக்கிறது. பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுக்கக் கட்டி, -18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் வெளியே கிடந்தபின் பிரியுங்கள். வர்ணம் பூசிய பொம்மைக்கு இந்த வழி வேண்டாம், வர்ணம் உரிந்துவிடலாம். அதுவரை மற்ற மரச்சாமான்களை அந்த அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள்.